யார் செய்த பாவம்? மொழி வகுப்பறையின் வெற்றி தோல்விக்குக் காரணம் கண்ட வரலாறு

1. முன்னுரை

இறையியல் கல்லூரியில் கிரேக்கத் தேர்வின் முடிவு வெளிவரும் நாளில், மதிப்பெண்களோடு கூடவே காரணங்களும் பேசப்படுகின்றன. தோல்வியுற்ற மாணவர் ஒருவர், "எனக்கு மொழிப்பாடம் வராது" என்கிறார். இன்னொருவர் வினாத்தாளைக் குறைகூறுகிறார். வினைச்சொற்களை ஆசிரியர் விரைந்து முடித்துவிட்டார் என்பது மற்றொருவரின் முறையீடு. தேர்ச்சி பெற்றவரோ, "எல்லாம் ஆண்டவருடைய கிருபை" என்று அடக்கத்துடன் சொல்லி நகர்ந்துவிடுகிறார். ஆசிரியர்கள் கூடும் அறையிலும் இவ்வுரையாடல் நிகழாமலில்லை. ஆங்கே பெரும்பாலும் தேர்ச்சிக்குக் கற்பித்தலின் திறமும், தோல்விக்கு மாணவரின் சோம்பலும் காரணங்களாகின்றன.

யோவான் நற்செய்தி நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைக் கண்ட சீடர்கள், இஃது அவர் செய்த பாவத்தின் பயனா, பெற்றோர் செய்த பாவத்தின் பயனா என்று ஆண்டவரை வினவினர். குறையொன்றைக் கண்டவுடன் காரணத்தைத் தேடுவதும், தேடிய காரணத்தை யாரேனும் ஒருவர் தலைமேல் ஏற்றுவதும் மாந்தர் இயல்பு. வகுப்பறையும் இதற்கு விலக்கன்று. ஒருவர் தமது தோல்விக்கு எதனைக் காரணமாகக் கொள்கிறாரோ, அதனைப் பொறுத்தே அவர் நூலை மீண்டும் திறப்பதும் மூடி வைப்பதும் அமைகின்றன. திருமறையின் மூலமொழிகளைப் பயிலும் இடத்தில் இதன் விளைவு மதிப்பெண் பட்டியலோடு முடிவதில்லை. அம்மாணவர் பின்னர் நிற்கப்போகும் பிரசங்கபீடத்தையும், அவருக்குச் செவிசாய்க்கும் சபையையும் அது தொடுகிறது. ஆகவே, திருச்சபை வரலாற்றில் மொழி கற்றோரும் கற்பித்தோரும் தம் வெற்றி தோல்விகளுக்கு எவ்வாறு காரணம் கண்டனர் என்பதைச் சில சான்றுகள் வழியே ஆராய்வோம்.

2. அகஸ்தீனும் ஜெரோமும்

மேலைத் திருச்சபையின் பேராசானாகிய அகஸ்தீன் (354–430) வட ஆப்பிரிக்காவில் தகஸ்தே என்னும் ஊரில் பிறந்தவர். இலத்தீன் அவர் வீட்டில் வளர்ந்த மொழி. கிரேக்கம் பள்ளியில் வந்த மொழி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதத் தொடங்கிய 'அறிக்கை' என்னும் நூலின் முதற் புத்தகத்தில், சிறுவனாயிருந்தபோது தாம் கிரேக்கத்தை வெறுத்தது ஏன் என்னும் வினாவை அவர் எழுப்புகிறார். மொழி வகுப்பில் தோல்வியுற்ற ஒருவர் அதன் காரணத்தைத் தாமே ஆராய்ந்து எழுதிவைத்த பழஞ்சான்றுகளுள் இதுவும் ஒன்றாகும்.

அவர் கூறும் காரணங்கள் ஒன்றல்ல. நினைவாற்றலும் அறிவும் தமக்குக் குறைவாயிருக்கவில்லை என்றும், அவ்வயதுக்கு வேண்டிய அளவில் இறைவன் அவற்றை அருளியிருந்தார் என்றும் முதலில் ஒப்புக்கொள்கிறார். விளையாட்டில் தமக்கிருந்த விருப்பத்தை மறைக்கவில்லை. ஆசிரியரின் பிரம்புக்கு அஞ்சி இறைவனிடம் மன்றாடியதையும், அவ்வச்சத்தைக் கண்டு பெற்றோரும் சிரித்ததையும் நினைவுகூர்கிறார். செவிலியரின் கொஞ்சுமொழிகளுக்கும் உடனிருந்தோரின் சிரிப்புக்கும் இடையே இலத்தீனைத் தாம் அச்சமின்றிக் கற்றதை இதற்கு எதிரே வைக்கிறார். கட்டாயத்தின் அச்சத்தைவிட, தானாக எழும் ஆர்வமே மொழி கற்க வலிமை வாய்ந்தது என்பது அவர் கண்ட முடிவு. ஓமரின் காவியம் தமக்குக் கசந்தது போலவே, கட்டாயத்தின் பேரில் கற்கும் கிரேக்கச் சிறுவருக்கு வெர்ஜிலும் கசந்திருக்கும் என்றும் அவர் ஊகிக்கிறார். இவ்வூகம் நம் கருத்துக்குரியது. குறை தம்முடைய மூளையில் இல்லை, கிரேக்க மொழியிலும் இல்லை, அது கொடுக்கப்பட்ட முறையில் இருந்தது என்பதை இவ்வொரு குறிப்பால் அவர் தெளிவாக்கிவிடுகிறார்.

காரணத்தைக் கண்டமையால் இழப்பு நீங்கிவிடவில்லை. கிரேக்கத் திருத்தந்தையரின் விளக்கவுரைகளை இலத்தீனில் பெயர்த்துத் தருமாறு அவர் ஜெரோமுக்கு எழுத வேண்டியிருந்தது. உரோமர் 5:12-இன் இறுதிப் பகுதியை, ஆதாமுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள் என்னும் பொருள்பட அவர் கொண்டது, இலத்தீன் மொழிபெயர்ப்பில் இருந்த சொற்றொடரைச் சார்ந்தே ஆகும். கிரேக்க மூலத்தை "ஏனெனில்" என்னும் பொருளில் கொள்வதே பொருந்தும் என்பது பிற்காலத்து விளக்கவுரையாளர் பலரின் கருத்து. பிற்காலத்தில் அகஸ்தீன் கிரேக்க மூலங்களை ஓரளவு ஒப்புநோக்கினார் என்பதும் உண்மையே. எனினும் ஒரு பள்ளிச் சிறுவனின் அச்சத்துக்கும், மேலைத் திருச்சபையின் பிறவிப்பாவக் கோட்பாடு பெற்ற சொல்வடிவத்துக்கும் இடையே ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு என்பதை இறையியல் மாணவர் மறத்தலாகாது.

ஜெரோமின் வரலாறு வேறுவகையானது. சீரியாவின் பாலைநிலத்தில் தவவாழ்வு மேற்கொண்டிருந்த இளமைக் காலத்தில், அலைபாயும் எண்ணங்களை அடக்கும் பொருட்டு, யூத சமயத்திலிருந்து கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட துறவி ஒருவரிடம் அவர் எபிரேயம் கற்கத் தொடங்கினார். சிசரோவின் சொல்வளத்தில் தோய்ந்திருந்த அவர் மீண்டும் அரிச்சுவடியில் அமர நேர்ந்தது. எத்தனை முறை நம்பிக்கை இழந்து கைவிட்டார், எத்தனை முறை மீண்டும் தொடங்கினார் என்பதை, பல்லாண்டுகளுக்குப் பின் ருஸ்திக்கு என்னும் இளந்துறவிக்கு எழுதிய மடலில் கூறுகிறார். கைவிட்டதையும் மறைக்காமல் சொல்லுகிற இம்மடல், கற்றலில் இடையறவு நேர்வது தோல்வியின் முத்திரையாகாது என்று காட்டுகிறது.

ஆயினும் ஜெரோமின் வெற்றியை அவருடைய விடாமுயற்சி ஒன்றுக்கே உரியதாக்கினால் வரலாறு முழுமை பெறாது. பெத்லகேமில் வாழ்ந்த காலத்தில், பராநினா என்னும் யூத ஆசிரியர் தம் இனத்தாருக்கு அஞ்சி இரவு வேளைகளில் வந்து அவருக்குக் கற்பித்தார். எபிரேயத்திலிருந்து பழைய ஏற்பாட்டை ஏறத்தாழ 390 முதல் 405 வரையுள்ள ஆண்டுகளில் இலத்தீனாக்கிய பெரும்பணிக்குப் பின்னால் இத்தகைய ஆசிரியர்களின் துணையும் இருந்தது. வெற்றிக்குக் காரணம் கூறும்போது உழைத்தவர் பெயர் நிற்கிறது. விளக்கேந்தி இரவில் வந்தவர் பெயர் மங்கிவிடுகிறது. இக்குறை பின்வரும் நூற்றாண்டுகளிலும் தொடர்வதைக் காண்போம்.

3. லூத்தரும் கொமேனியஸும்

சீர்திருத்தக் காலத்தில் மொழிக்கல்வி திருச்சபையின் உயிர்ப்பிரச்சினையாயிற்று. 1524-ஆம் ஆண்டில் ஜெர்மானிய நகரங்களின் மன்றத்தாருக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய திறந்த மடலில், மூலமொழிகளை இழந்தால் நற்செய்தியையும் இழப்போம் என்று எச்சரித்தார். அம்மடலிலேயே தம் இளமைக்காலப் பள்ளிகளை நரகத்துக்கும் உத்தரிக்கும் தலத்துக்கும் ஒப்பிட்டார். வேற்றுமைகளையும் காலங்களையும் சொல்லிச்சொல்லி அடிபட்டு நடுங்கியும், இறுதியில் ஒன்றும் கற்றிலோம் என்பது அவர் முறையீடு. கற்பிக்கப்படாத பாடத்தை ஒப்பிக்க இயலாமைக்காக ஒரே முற்பகலில் பதினைந்து முறை அடிபட்டதாக அவர் கூறிய செய்தி 'மேசை உரையாடல்'களில் இடம்பெற்றுள்ளது. கற்பிக்காதவர் அடிக்க, கற்பிக்கப்படாதவர் அடிபடுகிறார். தவறான இடத்தில் காரணத்தைச் சுமத்துவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

லூத்தர் தொட்டுக்காட்டிய குறையை முறையாக ஆராய்ந்தவர் மொராவிய நாட்டினரான யோவான் ஆமோஸ் கொமேனியஸ் (1592–1670). இவர் சகோதரர் ஐக்கியம் என்னும் சீர்திருத்தச் சபையின் பேராயர். சமயப் போரினால் தாயகத்தை இழந்து அகதியாக அலைந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, பதினாறாம் வயதில்தான் இலத்தீன் பள்ளிக்குள் நுழைந்தார். வயது மிகுந்து வகுப்பில் அமர்ந்தமையால், சிறுவர் உணராத ஒன்றை அவரால் உணர முடிந்தது. பொருளை அறியாத சொற்களையும், சொற்களை அறியாத இலக்கண விதிகளையும் மனப்பாடம் செய்விப்பதே தோல்விக்கு வித்தாகிறது என்று அவர் கண்டார். அக்காலப் பள்ளிகளை உள்ளங்களின் கொலைக்களங்கள் என அழைக்கவும் அவர் தயங்கவில்லை.

1631-இல் அவர் வெளியிட்ட 'மொழிகளின் வாயில்' என்னும் இலத்தீன் பாடநூல், உலகப் பொருள்களைப் பற்றிய எளிய வாக்கியங்களின் வழியே சொற்களைக் கற்பித்தது. 1658-இல் நூரம்பர்க் நகரில் வெளிவந்த 'படங்களில் உலகம்' என்னும் நூலில் ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரு படம் இருந்தது. படத்திலுள்ள பொருள்களுக்கு எண்ணிட்டு, அவ்வெண்களின்படி சொற்களை அமைத்தார். மாணவரின் இயல்பறிவு பலதிறப்பட்டது என்பதைக் கொமேனியஸ் மறுக்கவில்லை. முறை சீரானால் எவரும் ஓரளவேனும் கற்க இயலும் என்பதும், அறவே கற்க இயலாதோர் மிகச் சிலரே என்பதும் அவர் கொள்கை. தோல்வியின் காரணத்தைக் கற்பவரின் உள்ளத்திலிருந்து எடுத்துப் பாடநூலின் பக்கங்களில் வைத்தது அவர் செய்த புரட்சியாகும். உள்ளத்தை மாற்றுதல் அரிது. பாடநூலைத் திருத்தி எழுதலாம்.

4. தரங்கம்பாடியில் ஒரு மணற்பள்ளி

இனி நம் நாட்டுக் கரைக்கு வருவோம். 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, மறுநாள் இருபத்துநான்காம் வயதை நிறைவு செய்தார். உடன் வந்தவர் ஐன்றிக் புளுட்சோ. தமிழ் கற்பதற்கு வேண்டிய அச்சிட்ட இலக்கணமோ அகராதியோ அவர்கள் கையில் இல்லை. முதலில் கடற்கரைப் பட்டினங்களில் வழங்கிய போர்த்துக்கீசியத்தைக் கற்று, அதனைப் படியாகக் கொண்டு தமிழை அணுகினர். முதிய தமிழாசிரியர் ஒருவர் தம் திண்ணைப்பள்ளியையே சீகன்பால்கு தங்கிய இல்லத்திற்கு மாற்றிக்கொண்டார். சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி, சீகன்பால்கு எழுத்துகளைப் பயின்றார். ஐரோப்பிய மொழிகளை அறிந்த அழகப்பன் என்பவர் மொழிபெயர்ப்பாளராய் உதவினார்.

அதன்பின் அவர் வகுத்துக்கொண்ட நாள்முறை அவருடைய மடல்களால் தெரிகிறது. காலையில் முன்னர்க் கற்ற சொற்களை மீண்டும் ஓதுவார். பின்னர் நண்பகல் வரை தமிழ் நூல்களை வாசிப்பார். புலவர் ஒருவர் பொருள் விளக்க, எழுத்தர் ஒருவர் அருஞ்சொற்களைக் குறித்துக்கொள்வார். பிற்பகலிலும் வாசிப்புத் தொடரும். 1707 ஆகஸ்டு 14-இல் எருசலேம் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டபோது தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும் அருளுரைகள் நிகழ்ந்தன. 1708-இல் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு அவர் ஒரு விளக்கப் பட்டியல் வகுத்தார். அதே ஆண்டில் தொடங்கிய புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு 1711-இல் நிறைவுற்று, 1714–15-இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சேறியது. அவருடைய தமிழ் இலக்கணம் 1716-இல் ஆலே நகரில் வெளியாயிற்று.

இவ்வெற்றிக்கு யாது காரணம்? பக்திநெறி நின்ற ஆலே நகரத்தார் இறைவனின் நடத்துதலைக் கண்டனர். பிற்கால வாழ்க்கை வரலாற்றாசிரியர் பலர் சீகன்பால்குவின் மேதைமையைப் போற்றினர். அவ்வாறாயின் உடன் வந்த புளுட்சோவைப் பற்றி என் சொல்வது? அவர் தமிழில் அத்துணைத் தேர்ச்சி அடையவில்லை. மேதைமையே அளவுகோலாயின் அவரைத் தோற்றவர் என எழுதிவிட வேண்டும். உண்மை யாதெனில், இருவரும் பணியைப் பங்கிட்டுக்கொண்டனர். போர்த்துக்கீசியம் பேசுவோரிடையே பணிபுரியும் பொறுப்புப் பெரிதும் புளுட்சோவைச் சேர்ந்தது. 1711-இல் அவர் தாயகம் திரும்பும்வரை அப்பணியைச் செவ்வனே ஆற்றினார். தேவை எம்மொழியில் இருந்ததோ அம்மொழியில் அவர் வளர்ந்தார். பணியின் அமைப்பை நோக்காது ஆளின் திறமையை மட்டும் நோக்கும் வரலாறு நேர்மையானதாகாது.

இன்னொன்றும் கூறுதல் தகும். அம்முதிய ஆசிரியர் பெரும்பாலான நூல்களில் 'ஒரு முதியவர்' என்ற அளவிலேயே நிற்கிறார். புலவரும் எழுத்தரும் அவ்வாறே. ஜெரோமின் இரவு ஆசிரியராவது பெயரளவில் எஞ்சினார். அந்நியர் ஒருவருக்காகத் தம் பள்ளியையே இடம்பெயர்த்த இவ்வாசிரியர், தமிழ்த் திருமறையின் வரலாற்றில் தம் பங்கைப் பெயரின்றியே பெற்றிருக்கிறார்.

5. நன்னூல் காட்டும் கணக்கு

அத்திண்ணைப்பள்ளி தழைத்த தமிழகத்தில் கற்றல் கற்பித்தலைப் பற்றிய ஆழ்ந்த சிந்தனை முன்னரே வளர்ந்திருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சமண முனிவராகிய பவணந்தியார் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் இதற்குச் சான்று. மாணாக்கரை அன்னமும் ஆவும் போன்ற தலையாயோர், மண்ணும் கிளியும் போன்ற இடையாயோர், ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்ற கடையாயோர் என அது வகைப்படுத்துகிறது. இப்பகுதியை மாணாக்கரைக் கடிந்துகொள்ளப் பயன்படுத்துவோர் பலர். ஆயின் அதற்கு முன்னரே ஆசிரியரைப் பற்றிய பகுதி வைக்கப்பட்டுள்ளது என்பதையும், ஆசிரியராகத் தகாதாருக்கும் அங்கே உவமைகள் உண்டு என்பதையும் அவர்கள் எடுத்துக்கூறுவதில்லை. கழற்காய் பெய்த குடம் போன்று வரிசை பிறழக் கொட்டுபவர், மடல் சூழ்ந்த பனை போன்று அணுகவொட்டாதவர், பஞ்சடைத்த குடுக்கை போன்று சிறிதுசிறிதாகவே வெளிவிடுபவர், வளைந்த தென்னை போன்று ஒருவர் வார்த்த நீருக்குப் பிறரிடம் பயன் தருபவர் ஆகியோரைப் பவணந்தியார் விலக்குகிறார். மாணாக்கர் குறையையும் ஆசிரியர் குறையையும் ஒரே பாயிரத்தில் வைத்தெண்ணும் இந்நடுநிலை போற்றற்குரியது.

அதனினும் சிறந்தது பாடங்கேட்டலைப் பற்றி அது தரும் கணக்கு. ஆசிரியர் கூறியதை நன்கு உட்கொண்டாலும் மாணாக்கர் பெறுவது புலமையின் கால்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால்பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்கு விரித்துரைப்பதனால் நிரம்பும். இக்கணக்கைக் கொண்டு சீகன்பால்குவின் கதையை மீண்டும் பார்த்தால் பல செய்திகள் விளங்குகின்றன. முதிய ஆசிரியரிடம் அவர் கால்பங்கு பெற்றார். மணலில் உடனமர்ந்த சிறுவரிடமும் புலவரிடமும் மற்றொரு கால்பங்கு பெற்றார். வந்து ஓராண்டு முற்றிச் சில கிழமைகளிலேயே தமிழில் அருளுரை நிகழ்த்தும் நிலைமையில் நின்றமையால் எஞ்சிய அரைப்பங்கும் வளரலாயிற்று. நம் கிரேக்க வகுப்புகளிலோ மாணவர் பெரும்பாலும் முதற் கால்பங்கோடு தேர்வுக்கு அனுப்பப்படுகின்றனர்; எஞ்சிய முக்கால்பங்கு இல்லாமையை அவருடைய திறமைக்குறைவாகக் கணக்கிடுகிறோம்.

நன்னூலும் குறையற்றதன்று. பிணியாளரையும் மந்தரையும் பாடஞ்சொல்லத் தகாதோர் பட்டியலில் அது சேர்க்கிறது. காரணத்தைக் கற்பவரின் பிறவி இயல்பில் நிறுத்தியவுடன் கதவை அடைப்பது எளிதாகிவிடுகிறது என்பதற்கு இப்பட்டியலும் சான்றாகும்.

6. அருளும் உழைப்பும்

இனி, மொழி வெற்றிக்கு இறையருளையே காரணமாகக் கூறும் மரபைச் சிறிது நோக்குவோம். பெந்தெகொஸ்தே நாளில் சீடர் பல மொழிகளில் பேசிய நிகழ்ச்சியை நம்புகிற திருச்சபை, மொழியை ஒரு கொடையாகக் காண்பது இயல்பே. ஆயினும் கொடை என்பதை எவ்வாறு பொருள்கொள்வது என்பதில் இரு வேறு வழிகள் வரலாற்றில் தோன்றின.

செராம்பூரில் பணியாற்றிய வில்லியம் கேரி (1761–1834) வங்கம், சமஸ்கிருதம் முதலிய மொழிகளில் பெரும்புலமை பெற்றவர். தம்மைப் பற்றி எழுதுவோர் மேதை என்று கூறினால் அது மிகை என்றும், தளராது ஒரே நோக்கில் உழுதுகொண்டு போகத் தமக்குத் தெரியும் என்பதே உண்மை என்றும் உறவினர் ஒருவரிடம் அவர் கூறியதாகச் செய்தி உண்டு. அருளை நம்பிய அப்பெரியார், தம் வெற்றியைப் பிறவித் திறமைக்கு உரியதாக்க மறுத்தார். இராமராம் பாசு, மிருத்யுஞ்சய வித்யாலங்கார் ஆகிய அறிஞர்களின் துணையும் அவருக்கு வாய்த்திருந்தது.

மற்றொரு வழியை 1907-இல் காண்கிறோம். அமெரிக்காவில் அசூசா தெருவில் நிகழ்ந்த எழுப்புதலில் பங்குபெற்ற ஆல்ஃபிரட் கார் என்னும் போதகர், தமக்கு வங்கமொழி ஆவியானவரால் அருளப்பட்டுள்ளது என்னும் நம்பிக்கையுடன் மனைவியாரோடு கல்கத்தா வந்தடைந்தார். அவர் பேசியது அந்நாட்டு மக்களுக்கு விளங்கவில்லை. இந்நிலையில் அவர் நம்பிக்கையற்றுப் பணியைத் துறந்திருக்கலாம். தம் விசுவாசம் குறைவுபட்டது எனத் தம்மையே வதைத்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல், அந்நியபாஷை என்னும் வரம் ஊழியத்திற்கு வேண்டிய மொழியைக் கற்பதற்கு மாற்றாக அருளப்படுவது என்ற கருத்தைக் கைவிட்டார், வரத்தைக் கைவிடவில்லை, ஊழியத்தையும் தொடர்ந்தார். அவருடைய இறையியலை ஏற்பாரும் ஏலாதாரும் இந்நேர்மையை மதித்தல் வேண்டும். தோல்வி நேர்ந்தபோது அவர் ஆளைக் குற்றஞ்சாட்டாது கருத்தைத் திருத்திக்கொண்டார்.

7. உளவியலார் கண்டவை

இருபதாம் நூற்றாண்டில் இச்செய்தி ஆய்வுப் பொருளாயிற்று. 1959-இல் ஜான் கரோல், ஸ்டான்லி சேப்பன் என்னும் இருவர் வெளியிட்ட மொழித்திறன் சோதனை, அயல்மொழி கற்பதற்குரிய இயல்பாற்றலை அளக்க முற்பட்டது. ஆற்றல் வேறுபாடு உண்டு என்பதை அது உறுதிப்படுத்தியது. ஆயின் அவ்வேறுபாட்டைக் கற்பவர் எவ்வாறு பொருள்கொள்கிறார் என்பது வேறொரு வினா. மக்கள் தம் அன்றாட வாழ்வில் காரணம் காணும் இயல்பை 1958-இல் பிரிட்ஸ் ஹைடர் ஆராய்ந்தார். அவ்வடிப்படையில் 1970-களில் பெர்னார்டு வைனர் ஒரு கொள்கையை வகுத்தார். வெற்றி தோல்விக்கு மக்கள் பெரும்பாலும் கூறும் காரணங்கள் திறமை, முயற்சி, பணியின் கடினம், நற்பேறு என நான்கு என்றார். இக்காரணம் நமக்குள்ளே உளதா வெளியே உளதா, நிலையானதா மாறுவதா, நம் ஆளுகைக்கு உட்பட்டதா அன்றா என்னும் மூன்று வினாக்களால் அவற்றை அளந்தார். தோல்விக்குக் காரணம் நிலையானது, மாற்றவொண்ணாதது எனக் கருதுபவர் முயற்சியைக் கைவிடுகிறார்; மாறக்கூடியது எனக் கருதுபவர் மீண்டும் முயல்கிறார். ஜெரோம் தம் மடலில் கூறியதன் உட்பொருள் இதுவே.

1975-இல் கரோல் டுவெக் நடத்திய ஆய்வில், தோல்வியைக் கண்டவுடன் தளர்ந்துபோகும் சிறுவர் சிலரை எடுத்துக்கொண்டார். ஒரு சாராருக்கு எப்போதும் வெற்றியே கிட்டுமாறு எளிய கணக்குகளைத் தந்தார். மற்றொரு சாராருக்கு இடையிடையே தோல்வி நேர வைத்து, அது முயற்சிக் குறைவால் வந்தது எனக் கொள்ளப் பயிற்றினார். பின்னர்க் கடினமான கணக்குகளைச் சந்தித்தபோது, முதற் சாரார் முன்போலவே தளர்ந்தனர். இரண்டாம் சாரார் தாக்குப்பிடித்தனர். 1984-இல் சாண்ட்ரா கிரகாம் வெளியிட்ட ஆய்வு நம்மைப் போன்ற போதக-ஆசிரியர்களுக்கு இன்னும் நெருக்கமானது. தோல்வியுற்ற சிறுவரிடம் ஆசிரியர் இரக்கம் காட்டியபோது, அச்சிறுவர் தமக்குத் திறமை இல்லை என்று முடிவுகட்டினர். சிறிது கடிந்துகொண்டபோதோ, தாம் போதிய அளவு முயலவில்லை என்று கொண்டனர். "பரவாயில்லை தம்பி, எல்லாருக்கும் கிரேக்கம் வராது" என்று நாம் அன்போடு தட்டிக்கொடுக்கும் கை, ஒருவருக்குத் தீர்ப்பாகவும் அமையக்கூடும்.

எனினும் இவ்வாய்வுகளைக் கொண்டு, முயன்றால் எல்லாம் வரும் என்று பொத்தாம்பொதுவாக அறிவுரை கூறுதல் பெருந்தவறு. சிற்றூர்ப் பள்ளியில் தமிழ்வழியில் கற்று, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழைந்த மாணவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கிரேக்க இலக்கணத்தைப் படிக்கும்போது, ஒரே வேளையில் இரண்டு அயல்மொழிகளைச் சுமக்கிறார். ஆங்கிலம் கற்ற இல்லத்திலிருந்து வந்தவர் ஒன்றையே சுமக்கிறார். இருவருக்கும் ஒரே வினாத்தாளைத் தந்துவிட்டு, பிந்தினவரின் முயற்சியைப் புகழ்ந்து முந்தினவரைச் சோம்பேறி என்பது நீதியன்று. 1969-இல் மதுரை அரசரடியில் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி, இறையியலைத் தமிழ்வழியில் கற்பிக்க முன்வந்தமை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கொமேனியஸ் பாடநூலைத் திருத்தியதைப் போன்று, அது பயிற்றுமொழியைத் திருத்தியது.

இன்னும் கொடியதொன்று உண்டு. "இவருக்கு மொழி வராது" என்பது ஒருவரைப் பற்றிய தவறான தீர்ப்பு. "இவர்களுக்கு மொழி வராது" என்று அது பன்மையாகும்போது, சாதியின் குரல் வகுப்பறைக்குள் நுழைந்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக எழுத்தும் ஏடும் மறுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளிடம், மறுக்கப்பட்டதன் விளைவையே பிறவிக் குறையாக எடுத்துக்காட்டுவது, கற்பிக்காத பாடத்திற்காக லூத்தரை அடித்த ஆசிரியரின் செயலுக்கு ஒப்பாகும். திருச்சபையின் கல்விச்சாலையில் இக்குரலுக்கு இடமிருத்தல் ஆகாது.

8. முடிவுரை

சீடர்கள் கேட்ட வினாவுக்கு ஆண்டவர் அவர்கள் எதிர்பார்த்த விடையைத் தரவில்லை. அவரையோ பெற்றோரையோ குற்றவாளியாக்க அவர் இசையவில்லை. இறைவனுடைய செயல் இவரிடத்தில் வெளிப்பட வேண்டும் என்றும், பகற்காலத்திலேயே பணிசெய்ய வேண்டும் என்றும் கூறி, உடனே குனிந்து மண்ணைக் குழைத்தார். அதனை அவர் கண்களில் பூசி, சீலோவாம் குளத்திற்குச் சென்று கழுவுமாறு பணித்தார். பார்வை அருளப்பட்டது, ஆயினும் குளம் வரை நடந்து செல்லும் பொறுப்பு அவருக்கும் இருந்தது. அருளும் முயற்சியும் ஒன்றையொன்று விலக்காமல் இயங்கும் முறையை இந்நிகழ்ச்சியில் காண்கிறோம்.

காரணத்தை ஆராய்தல் தவறன்று. அகஸ்தீனும் லூத்தரும் கொமேனியஸும் ஆராய்ந்தமையால் பிற்காலத்தார் பயன்பெற்றனர். ஆயினும் ஒரு காரணம் நல்ல காரணமா என்பதை அறிய ஓர் உரைகல் உண்டு: அதனைக் கூறியபின் செய்யத்தக்கது ஏதேனும் எஞ்சியுள்ளதா? "மொழி வராது" என்றபின் செய்வதற்கு எதுவும் இல்லை. "சொற்களை ஓதும் நேரம் போதவில்லை", "உடன் பயில்வார் இல்லை", "பாடநூல் விளங்கும் மொழியில் இல்லை", "கற்றதைப் பிறருக்குச் சொல்ல வாய்ப்பளிக்கவில்லை" என்னும் காரணங்கள் ஒவ்வொன்றும் நாளையே தொடங்கத்தக்க ஒரு பணியைக் கையில் தருகின்றன. அவற்றுட் சில மாணவருடையவை, சில ஆசிரியருடையவை, சில கல்லூரியை நடத்தும் சபைகளுடையவை.

ஆகவே மூலமொழிகளைக் கற்பிக்கும் நாம், மதிப்பெண் பட்டியலை ஒட்டும் முன்னர், ஒவ்வொரு தோல்வியின் பங்கையும் நன்னூலின் கணக்குப்படி பிரித்துப் பார்த்தல் நலம். தேர்ச்சி பெற்ற மாணவரை, பின்தங்கிய ஒருவருக்கு வாரம் ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கச் செய்தால், ஒருவர் தம் அரைப்பங்கையும் மற்றவர் தம் கால்பங்கையும் பெறுவர். இரக்கத்தை உரைக்குமுன், "அடுத்த முறை எதனை மாற்றிச் செய்வோம்?" என்று மாணவரோடு உட்கார்ந்து கேட்டால், அவ்விரக்கம் தீர்ப்பாகாமல் துணையாகும். திருமறையின் மொழிகள் சிலருக்கு மட்டுமே உரிய செல்வமாகாமல் சபையார் அனைவருக்கும் பயன்படும் செல்வமாக, மண்ணைக் குழைக்கும் கையும் குளத்தை நோக்கி நடக்கும் காலும் நம் வகுப்பறைகளில் சேர்ந்து இயங்குவனவாக.